சாய் இருக்கா? துருக்கியில் எட்டு நாள்

முதல் நாள், புதன்: இஸ்தான்புல்

விடிகாலையில் இறங்கி, அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு எமினோனு படகுத்துறைக்கு வந்தபோது மணி பதினொன்று. எதிர்ச்சந்தில் நாலு முக்காலி போட்ட ஒரு டீக்கடை. துருக்கி மண்ணில் நான் பேசிய முதல் வாக்கியம்: "சாய் வார் மு?"

"வார், வார்" என்று கடைக்காரர் முக்காலியைக் காட்டினார்.

இதற்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. வார் என்றால் இருக்கு. மு என்பது நம் கேள்வி ஆகாரம். சாய் இருக்கா? இருக்கு, இருக்கு. இல்லாவிட்டால் 'யோக்', அதாவது இல்லை. அந்த 'மு'வில் உள்ள உகரத்தை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும். 'பந்து' என்று சொல்லும்போது கடைசியில் வருமே, அதே குற்றியலுகரம். துருக்கிக்காரர்கள் அதற்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள், மேலே புள்ளி வைக்காத i.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்திவிட்டு இந்த ஜூனில்தான் ஓய்வு பெற்றேன். தங்கை மகள் "வாங்க பெரியம்மா, பலூன்ல போகலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் வந்தது பலூனுக்கு. உண்மையைச் சொன்னால் நான் வந்தது இந்த 'மு'வுக்கு. எங்கள் ஜில்லா இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-இல் எழுதிய ஒப்பிலக்கணத்தில், சித்திய மொழிகள் என்று அவர் பெயரிட்ட ஒரு பெரிய கூட்டத்தோடு தமிழை உறவு சேர்த்தார். துருக்கியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை. சரி, உறவில்லை. ஆனால் ஜாடை இருக்கிறதே, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று நாற்பது வருஷ ஆசை.

டீ வந்தது. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளர், ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி. பால் கிடையாது, கேட்கவும் கூடாது போல. அடுக்குப் பாத்திரத்தில் கீழே வெந்நீர், மேலே கெட்டி டிகாக்‌ஷன். அவரவருக்கு வேண்டிய கடுப்பில் கலந்து தருகிறார்கள். டீ ஏதோ ஆயிரம் வருஷப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை. காபி வந்துகொண்டிருந்த ஏமன், உதுமானியப் பேரரசின் கையை விட்டுப் போனபின், குடியரசுக் காலத்தில்தான் கருங்கடல் ஓரத்து ரிசேயில் தேயிலையைப் பரவலாகப் பயிரிட்டார்கள்.

கலாட்டா பாலத்தில் வரிசையாகத் தூண்டில்காரர்கள். அங்கேதான் சின்னவள் ஏமாந்தாள். எங்களுக்கு முன்னால் போன ஷூ பாலிஷ்காரர் ஒருவரின் பெட்டியிலிருந்து பிரஷ் 'தவறி' விழுந்தது. இவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். அவர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லி, அன்பாக இவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, முடித்ததும் அன்பில்லாமல் காசு கேட்டார். பேரம் பேசிப் பாதி கொடுத்தோம். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அதே பிரஷ் வேறொருவர் முன்னால் விழுகிறது. இவ்வூரின் பழைய நாடகமாம் இது. அறைக்கு வந்து சொன்னால் வரவேற்பில் இருந்த பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அந்தப் பையன் என்னை 'தெய்ஸே' என்று கூப்பிடுகிறான். காலையில் டீக்கடைக்காரரும் அப்படித்தான் அழைத்தார். தெய்ஸே என்றால் அம்மாவின் சகோதரி. அப்பாவின் சகோதரி 'ஹாலா'. அம்மாவின் சகோதரர் 'தாய்', தாய்மாமன்தான். அப்பாவின் சகோதரர் 'அம்ஜா'. அண்ணன் 'ஆபி', அக்கா 'அப்லா'. வழியில் போகிற முன்பின் தெரியாதவரையும் இந்த முறை வைத்தே அழைக்கிறார்கள்.

"அப்ப இந்த ஊர் முழுக்க உங்களைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுது" என்றாள் சின்னவள்.

இரண்டாம் நாள், வியாழன்: அயா சோஃபியா

இப்போது இது பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை பிற்பகல் வரை சுற்றுலாக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இன்றே போனோம். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு மாடி மட்டும்தான், கட்டணம் 25 யூரோ. கீழ்த்தளம் தொழ வருபவர்களுக்கு, அவர்களுக்குக் கட்டணமில்லை. காசை எண்ணிக் கொடுக்கும்போது முணுமுணுத்தேன். மாடிக்கு ஏறியதும் வாய் மூடிக்கொண்டது.

532-இல் நிக்கா எனப்படும் நகரக் கலவரத்தில் இங்கிருந்த பழைய தேவாலயம் எரிந்துபோக, சில வாரங்களிலேயே புதிதுக்குக் கால்கோள் இட்டார் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன். வேலையைக் கொடுத்தது கொத்தனார்களிடம் அல்ல, அந்தெமியோஸ், இசிதோரோஸ் என்ற இரண்டு கணித அறிஞர்களிடம். 537 டிசம்பரில் முடிந்துவிட்டது. ஆறு வருஷம்கூட ஆகவில்லை. சதுரத்தின் மேல் வட்டத்தை உட்கார வைப்பதுதான் இதில் கஷ்டமான கணக்கு. நாலு மூலையிலும் முக்கோணச் சோழிபோல வளைந்த சுவர்களை எழுப்பி, அவற்றின் மேல் சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடத்தை வைத்தார்கள். அதன் அடியில் சுற்றிலும் 40 சன்னல். வெளிச்சம் அந்த வளையத்தில் வழிவதால், குவிமாடம் எதன்மேலும் நிற்காமல் தொங்குகிற மாதிரி தெரிகிறது. கணக்கு முதல் முறை சரியாக வரவில்லை. 558-இல் நிலநடுக்கத்தால் பலவீனப்பட்டு விழுந்தது. இசிதோரோஸின் உறவினரான இளைய இசிதோரோஸ் அதை இன்னும் உயரமாக, செங்குத்தாகக் கட்டினார். இப்போது தரையிலிருந்து சுமார் 55 மீட்டர். பழுதுபார்ப்புக்காக உள்ளே சாரம் கட்டியிருக்கிறார்கள். அது கண்ணை உறுத்தாது என்று சொன்னால் பொய்.

1453-இல் இருபத்தொரு வயது சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்ததும் இது பள்ளிவாசல் ஆனது. 1934-இல் அமைச்சரவை முடிவெடுத்து, மறு வருஷம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசல். இதை எழுதினால் இரு பக்கமும் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அல்லா, முகமது என்று தங்க எழுத்தில் எழுதிய ஏழரை மீட்டர் வட்டப் பலகைகள் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி, பொன் பின்னணியில் மகனை மடியில் வைத்திருக்கும் மரியாள். கீழேயிருந்து தொழுகைக் குரல் ஏறி வந்தபோது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிச் சித்திரங்களில் எனக்குப் பிடித்தது அரசி ஜோயிதான். ஏசுவுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவருடைய மூன்றாவது கணவர். படத்தில் முகங்களும் பெயரும் பின்னால் மாற்றி ஒட்டப்பட்டவை. முன்பு அங்கே இருந்தது முந்தைய கணவராக இருக்கலாம் என்கிறார்கள். உடம்பை அப்படியே விட்டுத் தலையை மட்டும் மாற்றிக்கொண்டால் செலவு மிச்சம்.

தெற்கு மாடத்துப் பளிங்குக் கைப்பிடியில் வைக்கிங் எழுத்தில் ஒரு கீறல். வடக்கிலிருந்து வந்து பேரரசருக்குக் காவல் நின்ற எவனோ 'ஹால்ஃப்தான்' என்று தன் பெயரைச் செதுக்கியிருக்கிறான். மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. நீண்ட பூசை, கால் வலி, கையில் கத்தி. நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் பார்க்காததா?

மதியம் நிலத்தடி நீர்த்தொட்டி. 336 தூண்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. இரண்டு தூண்களுக்கு அடிக்கல்லாக, பாம்புக் கூந்தல் கொண்ட கிரேக்கப் புராண அரக்கி மெதூசாவின் தலை, ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். எங்கிருந்தோ பெயர்த்து வந்து உயரத்துக்கு முட்டுக் கொடுத்தது. ஆறு மினாரா கொண்ட சுல்தான் அகமது பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கால் கெஞ்சியது.

மூன்றாம் நாள், வெள்ளி: கல்லறை எழுத்தும் பீன்ஸும் புளியும்

அயா சோஃபியா பிரமிக்க வைக்கிறது. சுலைமானியே பள்ளிவாசல் உட்கார வைக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. 1550-இல் தொடங்கி 1557-இல் முடித்தவர் கட்டடக் கலைஞர் சினான். மெழுகும் எண்ணெயும் எரிந்த காலத்தில், புகையெல்லாம் வாசல் மேலிருக்கும் ஒரு சின்ன அறைக்கு இழுத்துச் செல்லப்படும்படி காற்றோட்டத்தை அமைத்தாராம். அங்கே படிந்த கரியில் மை காய்ச்சி எழுதினார்களாம். சுவர் கறுக்காது, எழுத்தருக்கு மையும் ஆயிற்று. இவ்வளவு செய்தவரின் சமாதி வளாகத்துக்கு வெளியே, தெருமுனையில், ஒரு பெட்டிக்கடை அளவில் இருக்கிறது.

பள்ளிவாசலின் பின்னால் இடுகாடு. கற்களின் தலையில் தலைப்பாகை, சிலவற்றில் துருக்கித் தொப்பி. அந்தத் தொப்பியை 1925-இல் இந்நாட்டில் சட்டம் போட்டே ஒழித்துவிட்டார்கள். நம்மூரில் அதன் பெயரில் துருக்கி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கல்லின் முன் நின்ற கல்லூரி மாணவியிடம் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். மொழி அவள் மொழிதான். எழுத்து அரபு எழுத்து. 1928 நவம்பரில் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள், பழையதற்குச் சில மாதங்களே அவகாசம். எழுத்தறிவு கூடியது என்பது உண்மை. கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கொள்ளுப்பேத்தியால் படிக்க முடியவில்லை என்பதும் உண்மை. சங்கப் பாட்டு புரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டியாவது படிக்க முடிகிற மொழியிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கல் முன்னால் என்னவோ போலிருந்தது.

எதிரே வரிசையாக வெள்ளை பீன்ஸ் கடைகள். குரு ஃபாசுல்யே என்று பெயர். தக்காளியில் வெந்த பீன்ஸ், வெண்ணெய் மினுக்கும் சோறு, ஊறுகாய். நான் சைவம். "எத் வார் மு?" என்று கேட்டேன், கறி இருக்கா? "வார்" என்றார், ஏதோ பரிசு தருகிற முகத்தோடு. அடுத்த கடையில் "எத்ஸிஸ்" கிடைத்தது. எத் கறி, ஸிஸ் இல்லாத. கறியில்லாதது. ஒட்டு எப்போதும் பின்னால்தான். எவ் வீடு, எவ்லெர் வீடுகள், எவ்லெர்தென் வீடுகளிலிருந்து. சோற்றை விட்டுவிட்டுக் காகிதக் கைக்குட்டையில் நான் இதை எழுதிக்கொண்டிருக்க, சின்னவள் என் பீன்ஸையும் முடித்துவிட்டாள்.

குடிக்க அய்ரான். தயிரும் தண்ணீரும் உப்பும். மோர்தான், பெருங்காயம் இல்லை, அவ்வளவே.

அப்புறம் மசாலாச் சந்தை. எகிப்திலிருந்து வந்த வரிப்பணத்தில் 1660-களில் கட்டியதால் 'எகிப்துச் சந்தை' என்றே பெயர். ஒரு கடையில் கறுப்பாக ஒரு கட்டி. முகர்ந்து பார்த்தால் புளி! பெயர் 'தெமிர்ஹிந்தி'. அரபுக்காரர்கள் இந்தியப் பேரீச்சை என்று வைத்த பெயர் இங்கே வந்து இப்படி ஆகியிருக்கிறது. இதில் சர்பத் போட்டு நோன்பு மாதத்தில் விரும்பிக் குடிக்கிறார்கள். தேங்காய்க்குப் பெயர் 'ஹிந்திஸ்தான் ஜெவிஸி', இந்தியாவின் அக்ரூட். எல்லாவற்றுக்கும் மேல் வான்கோழி. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தார்கள், துருக்கியர் 'ஹிந்தி' என்கிறார்கள், பறவையோ அமெரிக்காவில் பிறந்தது. உணவகப் பலகையில் 'ஹிந்தி' என்று பார்த்து நமக்கான சாப்பாடு என்று உள்ளே போய்விடாதீர்கள்.

மாலை ஹமாம். நடுவில் சூடான பளிங்கு மேடை, அதற்கு 'தொப்புள் கல்' என்று பெயர். என்னைப் படுக்கவைத்து, முரட்டுக் கையுறையால் ஓர் அம்மாள் தேய்த்த தேய்ப்பில் ஓய்வூதியக் கோப்பின் அழுக்கு வரை போய்விட்டது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து ஓடிய வயது ஞாபகம் வந்தது. குளித்து வெளியே வருபவரிடம் 'ஆரோக்கியம் உண்டாகட்டும்' என்பதற்கு ஒரு தனி வாசகம் வைத்திருக்கிறார்கள். வேலை செய்பவரைக் கடந்துபோனால் 'கோலாய் கெல்சின்', எளிதாக வரட்டும். சமைத்தவரிடம் 'எலினிஸே சாலுக்', உங்கள் கைக்கு ஆரோக்கியம். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் ஒன்று. எனக்கு ஒரு நோட்டு போதவில்லை.

நான்காம் நாள், சனி: கொன்யா

அதிவேக ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். சன்னலுக்கு வெளியே கோதுமை அறுத்த தரிசு, தரிசு, தரிசு. பக்கத்து இருக்கைப் பாட்டி பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். 'பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்.' இருந்தானாம், இல்லையாம். துருக்கிக் கதைகளெல்லாம் இப்படித்தான் தொடங்கும். அந்த 'முஷ்' விகுதியைத் தேடித்தான் நான் வந்தேன் என்றும் சொல்லலாம். கண்ணால் கண்டதற்கு 'கெல்தி', வந்தான். காதால் கேட்டதற்கு 'கெல்மிஷ்', வந்தானாம். நம் ஆம். பிறர் சொன்னதை நான் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல என்பதை ஒரே விகுதியில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு அரை வாக்கியம் தேவைப்படும். நமக்கு முல்லாவாக வந்து சேர்ந்த நஸ்ருத்தீன் ஹோஜாவும் இந்த மாகாணத்து அக்‌ஷெஹிரில்தான் அடங்கியிருக்கிறார். சுற்றிச் சுவரே இல்லாத சமாதிக்கு முன்வாசலில் மட்டும் பெரிய பூட்டு தொங்குமாம்.

சூஃபிக் கவிஞர் ரூமியை இங்கே மெவ்லானா என்றே சொல்கிறார்கள். 1207-இல் பிறந்து, மங்கோலியர் பயத்தில் மேற்கே நகர்ந்த குடும்பத்தோடு இங்கே வந்து, 1273 டிசம்பர் 17-இல் இங்கேயே அடங்கியவர். எழுதியது பாரசீகத்தில். மரண நாளை 'திருமண இரவு' என்று கொண்டாடுகிறார்கள். பச்சைக் கோபுரத்தின் கீழ் அவர் பேழை, பூவேலைத் துணி, மேலே பெரிய தலைப்பாகை. பக்கத்தில் அவருடைய தந்தையின் பேழை செங்குத்தாக நிற்கிறது. மகனை அடக்கம் செய்தபோது தந்தை மரியாதைக்காக எழுந்து நின்றாராம். ஆம் விகுதியைக் கவனிக்கவும்.

1925-இல் தர்காக்களையும் சூஃபி மடங்களையும் சட்டப்படி மூடினார்கள். இது 1927 முதல் அருங்காட்சியகம். ஷூவுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறோம். பலகைகள் அருங்காட்சியகம் என்கின்றன. ஆனால் தலையில் முக்காடிட்ட பெண்கள் கையேந்தி நின்று அழுகிறார்கள். காவலர் வேறெங்கோ பார்க்கிறார். வெளியே கடைகளில் 'வா, வா, நீ யாராக இருந்தாலும் வா' என்று தட்டிலும் காந்த வில்லையிலும் அச்சடித்து விற்கிறார்கள். அந்த வரி ரூமியுடையதே அல்ல, அவருக்கு முந்தையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வில்லை விற்பனை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

இரவு பண்பாட்டு மையத்தில் செமா, ரூமி வழி சூஃபிகள் சுழன்று செய்கிற வழிபாடு. சனிக்கிழமைகளில் நடக்கும். கைதட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். உயரமான தொப்பி கல்லறைக் கல், கறுப்பு மேலங்கி மண், உள்ளே வெள்ளைப் பாவாடை சவத்துணி. நாணல் குழல் தனியே நெடுநேரம் அழுதது. பிறகு மேலங்கிகளைக் கழற்றிவிட்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்து ஒவ்வொருவராக வந்து, சுழலத் தொடங்கும்போது கை மெல்ல விரிகிறது. வலது உள்ளங்கை மேலே, இடது கீழே. மேலிருந்து வாங்கிக் கீழே கொடுப்பது. இடது கால் ஊன்றியபடி, வலது கால் தள்ளியபடி. சுழற்சி வேகமாக இல்லை. துணி தரையைத் தொடும் சரசரப்பு மட்டும். ஒரு இளைஞன் என் எதிரே வரும்போதெல்லாம் கண் பாதி மூடியிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் முழு நேரமும் கைபேசியில் படமெடுத்தார். ஒரு கட்டத்தில் அவரே கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

இதைப் பற்றி மேலே எழுத வரவில்லை. நாளை பார்க்கலாம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: சாலை

நேற்றையதை இன்றும் எழுத வரவில்லை. விடுங்கள்.

வாடகைக் கார். முதலில் சத்தல்ஹோயுக். கோதுமை வயலுக்கு நடுவில் ஒரு மேடு. ஏறக்குறைய 9000 வருஷத்துக்கு முன் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த குடியிருப்பு, ஆனால் தெரு இல்லை. வீட்டுக்கு வாசலும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கூரை வழியே ஏணியில் இறங்க வேண்டும். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே, படுக்கிற மேடைக்குக் கீழே புதைத்தார்கள். "தாத்தா மேலயே தூங்குவாங்களா?" என்றாள் சின்னவள். ஆமாம், தூங்கினார்கள்.

அக்சராய் போகும் வழியில் சுல்தான்ஹான். செல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைக்குபாத் 1229-இல் கட்டிய வணிகர் சத்திரம். ஒட்டகம் ஒரு நாளில் நடக்கிற தூரத்துக்கு ஒன்றாக இப்படிப்பட்ட சத்திரங்கள் நாடெங்கும் இருந்தன. யார் வந்தாலும், எந்த மதமானாலும், மூன்று நாள் தங்கலும் சாப்பாடும் இலவசம். கோடைக்குத் திறந்த முற்றம், குளிருக்குத் தூண்கள் தாங்கும் கல் மண்டபம். முற்றத்து நடுவில் நான்கு வளைவுகளின் மேல், கால் தரையில் படாத மாதிரி ஒரு குட்டித் தொழுகை மண்டபம். ஊருக்குள் வீடுகளின் முன் தரைவிரிப்புகளைப் போட்டு ஒட்டுப் போடுகிறார்கள். பழைய கம்பளத்தைப் பழுது பார்ப்பதில் பெயர் பெற்ற ஊர் இது. கிழிந்த இடத்தில் புது நூலை வைத்துப் பழைய நிறத்தைக் கொண்டுவருகிற ஒருவரிடம் "கோலாய் கெல்சின்" என்றேன். தலை நிமிர்ந்து, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டார். மறுக்க முடியாது. வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

இரவு, பலூன்கள் பறக்கிற கப்பதோக்கியாப் பகுதியில் கோரெமே. பாறையைக் குடைந்த வீடு ஒன்றில் அறை.

பமுக்கலே போகவில்லையா, எபேசஸ் போகவில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. எட்டு நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர நான் தபால்காரி இல்லை.

ஆறாம் நாள், திங்கள்: மேலே போகாமல் கீழே

காலை நாலரைக்கு எழுந்து, கம்பளி சுற்றிக்கொண்டு காத்திருந்தோம். காற்று அதிகம் என்று விமானப் போக்குவரத்துத் துறை பலூனுக்கு அனுமதி தரவில்லை. நாளைக்கும் இடமில்லை. சின்னவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலமே எரிமலைச் சாம்பல். எர்ஜியஸ், ஹசன் மலைகள் என்றோ கக்கியது படிந்து, கல்லாகி, மழையும் காற்றும் அரித்துக் கூம்பு கூம்பாக நிற்கிறது. கத்தியால் கீறலாம், காற்றுப் பட்டால் இறுகும். ஆகவே கட்டுவதற்குப் பதில் குடைந்தார்கள். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருட்டுத் தேவாலயம் என்று ஒன்று. ஒரே ஒரு சின்னத் துவாரம் வழியே வெளிச்சம். அதனாலேயே ஆயிரம் வருஷத்து நீலமும் சிவப்பும் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. மற்றவற்றில் புனிதர்களின் கண்களைச் சுரண்டியிருக்கிறார்கள். எட்டிய உயரம் வரைதான்.

மதியம் தெரின்குயு. தெரின் ஆழம், குயு கிணறு. ஆழ்கிணறு. 1963-இல் ஒருவர் வீட்டைச் சீர்செய்யச் சுவரை இடித்தபோது பின்னால் ஒரு வழி தெரிந்து, போகப்போக ஒரு நகரமே வந்தது. சுமார் 85 மீட்டர் ஆழம். தொழுவம், திராட்சை ரசம் பிழியும் தொட்டி, தேவாலயம், எல்லாவற்றுக்கும் காற்றுக் குழாய்கள். வழிகளை அடைக்கத் திரிகை போன்ற வட்டக் கற்கள், உள்ளேயிருந்துதான் உருட்ட முடியும். படிக்கட்டு குனிந்தபடி ஒருவர் போகும் அளவு. என் இடுப்பு நாலாவது தளத்தில் வேலைநிறுத்தம் செய்தது. அங்கேயே உட்கார்ந்து, மேலே படையெடுத்தவன் குதிரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க ஆட்டோடும் குழந்தையோடும் இங்கே எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சின்னவள் கடைசி வரை போய்விட்டு வியர்த்து வந்தாள். "பலூனை விட இது நல்லாருக்கு" என்றாள். எனக்காகச் சொன்னதாகவே தோன்றியது.

ஏழாம் நாள், செவ்வாய்: முஸ்தஃபாபாஷா

இன்று காற்றில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். சூரியனுக்கு முன்னால் ஒன்று, ஐந்து, ஐம்பது என்று கிளம்பின. அடுப்பு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அமைதி. கீழேயிருந்து பார்ப்பதற்குக் காசு வாங்கவில்லை.

உர்குப் என்ற ஊருக்குப் பக்கத்தில் முஸ்தஃபாபாஷா. பழைய பெயர் சினாசோஸ். செதுக்கு வேலை செய்த கல் மாளிகைகள், வாசலில் கல்லில் திராட்சைக் கொடி படர்ந்த தேவாலயம். கட்டியவர்கள் யாரும் இங்கே இல்லை. 1923-இல் லொசானில் கிரேக்கமும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு மக்களை மாற்றிக்கொண்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் அங்கே, சுமார் நாலு லட்சம் முஸ்லிம்கள் இங்கே. பிரித்தது மதத்தை வைத்து, மொழியை வைத்தல்ல. கப்பதோக்கியாப் பகுதியில் கரமான்லி என்று ஒரு கூட்டம் இருந்தது. கிறிஸ்தவர்கள், வீட்டில் பேசியது துருக்கி, எழுதியது கிரேக்க எழுத்தில். அரபு எழுத்தில் தமிழ் எழுதிய காயல்பட்டினத்து, கீழக்கரைப் பெரியவர்களின் அரபுத்தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிரேக்கம் பேசத் தெரியாத இவர்களைக் கிரேக்கர் என்று கப்பலேற்றினார்கள். அங்கே போனதும் துருக்கி விதை என்று ஏசினார்கள். கிரீட்டிலிருந்து வந்த முஸ்லிம்களோ கிரேக்கம் பேசிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஒரு வீட்டு வாசல் வளைவில் கிரேக்க எழுத்துகள். துருக்கியா கிரேக்கமா என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு போதாது. நெடுநேரம் நின்றேன்.

இரவு தங்குமிடத்து அம்மாள் தன் வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே போட வேறு செருப்பு வரிசையாக இருக்கும். அவருடைய எண்பது வயதுத் தாயின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வது எப்படி என்று வீட்டுப் பையன் சின்னவளுக்குக் காட்டிக் கொடுத்தான். பருப்பு சூப், திராட்சை இலையில் சோறு பொதிந்து அவித்தது, தயிர், திராட்சைப் பாகு. எனக்காக எல்லாம் கறியில்லாமல். "எலினிஸே சாலுக்" என்றேன். பாட்டி என் கன்னத்தைத் தட்டினார்.

காபி வந்தது, பொடியோடு காய்ச்சி நுரையோடு. குடித்த குவளையைக் கவிழ்த்து வைத்து, வண்டலில் குறி பார்த்தார்கள். சின்னவளுக்கு ஒரு சாலையும் மீனும். கதவின் மேல் நீலக் கண்ணாடிக் கண். திருஷ்டிக்கு ஈயத்தை உருக்கித் தலைக்கு மேல் பிடித்த தண்ணீரில் ஊற்றுவார்களாம். நாங்கள் உப்பு மிளகாய் சுற்றுவோம் என்று கையால் நடித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. ஒரு குவளை காபிக்கு நாற்பது வருஷ நன்றி உண்டு என்றார் அம்மாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பதிலுக்குச் சொல்லி, கைபேசியை மொழிபெயர்க்கச் சொன்னேன். அது என்ன சொன்னதோ, அவர் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து வைத்தார்.

எட்டாம் நாள், புதன்: கிளம்பல்

கய்செரி விமான நிலையத்துக்கு வேன். பெட்டிகளை ஏற்றியாயிற்று. பாட்டி நாற்காலியில், அம்மாள் கையில் செம்புக் குடுவையோடு வாசலில். வேன் நகர்ந்ததும் எங்கள் பின்னால் சாலையில் தண்ணீரை வீசி ஊற்றினார். "ஸு கிபி கித், ஸு கிபி கெல்!"

"பெரியம்மா, ஏன் தண்ணி ஊத்துறாங்க?"

கைபேசி தேவைப்படவில்லை. ஸு தண்ணீர், கிபி போல, கித் போ, கெல் வா. தண்ணீர் போலப் போ, தண்ணீர் போல வா. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எந்த மொழி என்று யோசிக்காமல், "போய்ட்டு வரேன்" என்று கத்தினேன். அவர் கையை ஆட்டினார்.

விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கடை. குற்றியலுகரம் சுத்தமாக வர, எட்டு நாள் பயிற்சியோடு கேட்டேன்: "சாய் வார் மு?"

"யோக், தெய்ஸே" என்றான் பையன். வெந்நீர் மெஷின் ரிப்பேராம்.